கோப்பிப் பேணி – 14: வாயில் நிற்கிற கனம்

போன கிழமை வறுவலை முடித்தோம். திரும்பச் சொல்ல இடமில்லை. மல்லிக்கோப்பி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் கனத்தைப் பேசியாக வேண்டும்.

ஒரு மிடறு பச்சைத்தண்ணி குடியுங்கள். பிறகு சீனி போடாத பால் ஒரு மிடறு. தண்ணி வழுக்கிப் போய்விடும். பால் நாக்கிலும் அண்ணத்திலும் கொஞ்சம் ஒட்டி நின்றுதான் இறங்கும். கோப்பியில் அப்படி நிற்பதுதான் கனம். எங்கள் பக்கத்தில் சாயத்தைப் பார்த்தே 'நல்ல தடிப்பு' என்று சொல்லிவிடுகிறோம். கன்னங்கரேலென்று இருந்தும் தண்ணியாய் இறங்குகிற கோப்பி எத்தனையோ குடித்திருக்கிறேன்.

கொட்டையின் எண்ணெயும், கரையாமல் மிதக்கும் மாத்தூளும் கனத்துக்குப் பெரும் காரணம். கடதாசி வடி இரண்டையும் மறித்துவிடும். முள்ளியவளையில் மாமி கோப்பியை வடிப்பதே இல்லை. கொதித்ததை இறக்கி, மண்டி அடங்கும்வரை காத்திருந்து, தெளிவை மெதுவாகப் பேணியில் சரிப்பா. "வடிச்சா அதில என்ன மிஞ்சும், தம்பி?" என்பா. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்தால் வாய் முழுக்க நிறையும். கொலஸ்ரரோல் உள்ளவர்கள் மட்டும் கடதாசியில் வடிப்பது நல்லது. அந்த எண்ணெயில் அதைக் கூட்டுகிற பொருள் இருக்கிறது.

இந்தக் கிழமை என்னை விடாமல் பிடித்தது மங்களூர். பாய்க்கப்பல் காலத்தில் மலபார்க் கரையில் ஏற்றிய கொட்டை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச்சேர மாதக்கணக்காகும். கடல் ஈரத்தில் கொட்டை ஊதி, வெளிறி, புளிப்புக் குறைந்து கனம் ஏறும். குடித்தவர்கள் அதற்கே பழகிவிட்டார்கள். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக்கப்பலில் கொட்டை நிறம் மாறாமல் சீக்கிரமே போய் இறங்கியது. பழைய ருசி இல்லை! பிறகு அந்த ருசியை மங்களூர்க் கரையிலேயே உண்டாக்கினார்கள். யூன் தொடங்கி மழைக்காற்று புகும் கிட்டங்கிகளில் கொட்டையைப் பரப்பி, கிளறி, சாக்கில் தளர்வாய்க் கட்டி, மாதக்கணக்கில் ஈரம் குடிக்கவிடுகிறார்கள். அதுதான் 'மொன்சூன்ட் மலபார்'.

மாரி தொடங்கினால் ஈரம் படாமலிருக்கப் பச்சைக் கொட்டையைப் போத்தலில் இறுக்கி மூடி, அடுப்புக்கு மேல் பறணில் ஏற்றிவிடுவா என் அம்மா. இந்த மங்களூர்க் கதையை அவவுக்குச் சொல்லக் கிடைக்கவில்லையே என்று இருக்கிறது.

சூயஸ் திறந்த அதே 1869இல்தான் இலங்கை மலைத்தோட்டங்களில் கோப்பி இலைத்துரு நோய் கண்டது. இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துத் தேயிலை எழும்பியது. இன்றைக்கு எங்கள் வீடுகளில் விடிய முதலில் தேத்தண்ணி கொதிப்பதற்கு வேர் அங்கேதான்.

கனம் வேண்டுமென்றால் கடையில் பழத்தோடு வெயிலில் காயவைத்த கொட்டையைக் கேளுங்கள். ரொபஸ்ரா கலந்தாலும் தடிப்பு ஏறும், கசப்பும் கூடவே வரும்.

மல்லியும் வேர்க்கொம்பும் சேர்ந்தால் கனத்துக்கு என்ன நடக்கிறது என்பது அடுத்த கிழமை. அதற்குள் ஒரே தூளில் இரண்டு பேணி போடுங்கள்: ஒன்று கடதாசியில் வடித்தது, மற்றது மாமியின் முறையில். சூடு கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். அப்போதுதான் கனம் நன்றாகத் தெரியும்.