உடுப்பிட்டியிலிருந்து சென்னை வரை நீளும் ஒரு கல்

எங்கள் ஊரான உடுப்பிட்டியில் நின்று வடக்கே நேர்கோடு ஒன்று இழுத்தால், அது வல்வெட்டித்துறைக் கடலில் இறங்கி, மாமல்லபுரம் பக்கம் கரையேறி, சென்னை நுங்கம்பாக்கத்தில் போய் நிற்கும். தூரம் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். இதே நீளத்தில் ஒரு கல் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் சில்வியா. வரிசை எண் 87. முதன்முதல் அது கண்ணில் பட்டதும் அந்த நுங்கம்பாக்கத்தில்தான்.

அங்கிருந்த மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த நோர்மன் பொக்சன், 1866 மே 16 அன்று இதைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கியில் அவருக்குத் தெரிந்தது வெறும் ஒளிப்புள்ளி. நட்சத்திரங்கள் அசையாதிருக்க, அது மட்டும் நாளுக்கு நாள் இடம் மாறியது. நட்சத்திரம் போலிருந்தும் நட்சத்திரமல்லாத இவற்றைச் சிறுகோள் என்கிறோம். உடுப்போலி என்ற அழகான சொல்லும் உண்டு. உடு என்றால் நட்சத்திரம். எங்கள் ஊர்ப்பெயருக்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை.

சில்வியா உருண்டையல்ல, உருளைக்கிழங்கு மாதிரி. அகலம் 250 கிலோமீற்றர் அளவில். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு 5 மணி 11 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. நிறம் கரி. விழும் வெயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடத் திரும்பி வராது. சூரியனை ஒரு தடவை சுற்ற ஆறரை ஆண்டு.

சரி, எட்டாத கல்லை எப்படி நிறுப்பது? அதற்கு ஒரு நிலவு வேண்டும். சில்வியாவுக்கு இரண்டு கிடைத்தன: 2001இல் ரோமுலஸ், 2004இல் ரீமஸ். இரண்டு நிலவுள்ள சிறுகோள் என்று முதலில் அறியப்பட்டது இதுதான். ரோமுலஸ் சுமார் 1,350 கிலோமீற்றர் தள்ளி நின்று 3.65 நாளில் ஒரு சுற்று வருகிறது. தூரமும் நேரமும் கையில் இருந்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதியே தராசு. வந்த நிறையைப் பருமனால் வகுத்தபோது, 2005இல் கிடைத்த அடர்த்தி தண்ணீரைப் போல் 1.2 மடங்கு. பிந்திய அளவீடுகள் 1.4ஐ ஒட்டி வருகின்றன. எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லே இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் உள்ளே வெற்றிடம் இருக்கவேண்டும்.

வீடு கட்டும் வளவில் பறித்துவிட்ட சல்லிக் கும்பியின் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அடியால் வழிந்து வருமுன் நிறையத் தண்ணீர் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். தூரத்தில் நின்றால் ஒரே மேடு. கிட்டப் போனால் கல்லும் காற்றும். சில்வியாவையும் இப்படியொரு கும்பி என்றே நினைத்தார்கள். முன்பிருந்த பெரிய கல் ஒன்று மோதி உடைந்து, துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே திரும்பச் சேர்ந்தது சில்வியா என்பதும், சிதறியதில் மிஞ்சியவையே நிலவுகள் என்பதும் பலரும் ஏற்ற விளக்கம். ஆனால் 2021இல் வந்த ஆய்வொன்று கதையைக் கொஞ்சம் திருத்துகிறது. நிலவின் பாதையை வைத்துப் பார்த்தால், நடுவில் அடர்ந்த கரு இருக்கிறதாம். வெறும் கும்பி என்று தள்ளிவிட முடியாது.

பொக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். நிலவுகளின் கதை அவருக்குத் தெரியாது. 1868 நவம்பரில் அதே நுங்கம்பாக்கத்திலிருந்து அவர் கமிலா என்ற இன்னொரு சிறுகோளையும் பிடித்திருந்தார். அதற்கும் இரண்டு நிலவுகள்.