செயலிக் கடையும் சட்டமும்

ஸ்ரீபெரும்புதூர் தொழில் வட்டாரத்தில் நம் பெண்மக்கள் ஐபோன்களை ஒன்றுசேர்க்கின்றனர். ஆயினும் இந்நாட்டில் அக்கருவிக்குச் செயலி விற்க விரும்பும் தமிழனுக்கு வாசல் ஒன்றே. திறவுகோலோ கடல் கடந்த கம்பெனியிடம். ஆண்ட்ராய்டில் வேறு வாசல்கள் உண்டெனினும், எச்சரிக்கைகள் பல தாண்டியே அவற்றை அடைதல் கூடும்.

இதன் விளைவென்ன? 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறு காரணமாக, சென்னையின் பாரத் மேட்ரிமனி முதலிய செயலிகளைக் கூகிள் தன் கடையினின்று நீக்கிற்று. சர்க்கார் தலையிட்ட பின்னர்ச் சில தினங்களில் அவை திரும்பின. மந்திரிகளின் தயவால் திறக்கும் கதவு உரிமையாகுமா?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, பிறர் செயலிக் கடைகளையும் தன் கடை வழியே பரவவிடுமாறு கட்டளையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, அக்கட்டளையை ரத்துச் செய்தது. ஆகவே இருக்கும் சட்டம் போதாதென்பது வெளிப்படை.

கதவைத் திறந்தால் மோசடிச் செயலிகள் புகும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் திருடருக்கு அஞ்சிச் சந்தை முழுவதையும் ஒரே வியாபாரிக்குக் குத்தகை விடுவாருண்டோ? ஐரோப்பா 2024-லும் ஜப்பான் 2025-லும், பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு இடம் வைத்தே, சட்டத்தால் கதவைத் திறக்கச் செய்தன. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி நகல் மசோதா காட்டிய வழியில் நம் பார்லிமெண்டும் சட்டமியற்ற வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் இதனை வற்புறுத்துவார்களாக.