நுரையைப் படம் பிடித்தோம், ஜலத்தை அளந்தோமா?

ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நதி நுரை கக்கிக்கொண்டு வெளிவரும் காட்சியை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். நேரில் காணாதவர்களும் கைப்பேசியில் வந்த படத்தையாவது பார்த்திருப்பார்கள். மதகுகளிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை குவிகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் கைப்பேசியை நீட்டாதவரைக் காண்பது அரிது. பனிமலைக்குப் போகாத குறை தீர்ந்தது என்று பரிகாசம் செய்வோரும் உண்டு.

இது பரிகாசத்துக்குரிய விஷயமன்று. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்நதி, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்னும் அழகிய பெயர் பூண்டு, பெங்களூருக்குக் கிழக்கே ஓடி வருகிறது. அம்மாநகரத்தின் சாக்கடைகள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இதில் வந்து சேருகின்றன. பெல்லந்தூர் ஏரி 2017-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தீப்பற்றிப் புகைந்த விந்தையும் நிகழ்ந்தது. சோப்புத் தூள் முதலிய சலவைச் சரக்குகள் கலந்த ஜலம் உயரத்திலிருந்து விழும்போது காற்றை உட்கொண்டு நுரைக்கிறது. அவ்வளவுதான் இதன் இரகசியம்.

ஆனால் நுரைக்கு ஒரு நற்குணம் உண்டு. "நான் கெட்டுவிட்டேன்" என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்லாத விஷமும் நம் மாவட்டத்தில் இருக்கிறது.

வாய் திறவாத விஷம்

அதன் பெயர் புளோரைடு. நிறமில்லை, மணமில்லை, நாவுக்கும் புலப்படாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் கருங்கற் பாறைகளே இதைத் தருகின்றன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருக்கும் நிலத்தடி நீரில் இது கரைகிறது. ஆழ்துளைக் கிணற்றின் வழியே நம் குடத்துக்கு வந்து சேர்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில் இது மிகுந்தால், பற்கள் பழுப்புக் கறையுடன் முளைக்கின்றன. எந்தப் பற்பொடியாலும் அக்கறை போகாது. பல்லாண்டுகள் மிகுதியாக உட்கொண்டவர்களுக்கு எலும்பும் மூட்டும் விறைத்துப் போகின்றன. ஜலத்தைக் காய்ச்சினாலும் பயனில்லை. ஆவி போகும், புளோரைடு தங்கும்.

இந்நோய் நம் தேசத்தில் இருப்பது 1937-ம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு ஜலம் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆயிரம் லிட்டர் பிடிக்கும் மாடித் தொட்டியில் ஒன்றரைக் கிராம். சில சிட்டிகை உப்பின் எடைதான்! இதற்காகவே 2013-ம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்று, காவிரி நீர் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்தது. ஆயினும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றைத்தானே நாடுகிறோம்?

மூன்று நிறக் கணக்கு

நுரையைப் படம் பிடித்த அதே கைப்பேசி இங்கேதான் உண்மையாக உதவுகிறது. சிர்க்கோனியம் என்னும் உலோகத்தை ஒரு சாயத்துடன் சேர்த்தால் செந்நிறக் கரைசல் கிடைக்கும். அதில் புளோரைடு உள்ள ஜலத்தைச் சேர்த்தால், புளோரைடு சாயத்தைத் தள்ளிவிட்டுச் சிர்க்கோனியத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. செந்நிறம் வெளுக்கிறது. வெளுப்பு எவ்வளவோ, புளோரைடும் அவ்வளவு.

வெளுப்பை மனிதக் கண் துல்லியமாக மதிப்பிடாது. ஒருவர் ரோஜா நிறம் என்பதை இன்னொருவர் இளஞ்சிவப்பு என்பார். கைப்பேசியின் காமிராவோ ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறது. செந்நிறக் கரைசல் பச்சை ஒளியை விழுங்கும்; அது வெளுக்க வெளுக்கப் பச்சையின் எண் ஏறும். இப்படி, வீட்டிலுள்ள கருவியே பரிசோதனைச் சாலைக் கருவியின் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது.

இது வெறும் கற்பனையன்று. பெங்களூரில் டெர்னப் என்னும் சிறு ஆராய்ச்சி நிலையத்தார் தொடங்கி, நெதர்லாந்து தேசத்து ஆக்வோ ஸ்தாபனத்தாருடன் சேர்ந்து வளர்த்த 'காடிஸ்ஃபிளை' என்னும் ஏற்பாடு, கைப்பேசியால் புளோரைடை அளப்பதற்கென்றே எழுந்தது. நம் எல்லைக்கு அப்பாலிருந்து நுரை மட்டுமா வருகிறது? அறிவும் வருகிறது.

யந்திரத்தின் குறும்பு

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். படம் அழகாக இருக்க வேண்டும் என்பதே கைப்பேசியின் கவலை. உண்மையாக இருக்க வேண்டும் என்பதன்று. வெயிலில் ஒரு நிறம், குழல் விளக்கில் ஒரு நிறம் என்று அது தானாகவே திருத்திவிடும். ஆகையால் வெளி ஒளி புகாத அட்டைப் பெட்டிக்குள், ஒரே விளக்கொளியில் படம் எடுக்க வேண்டும். புளோரைடு அறவே இல்லாத ஜலம், 1 மில்லிகிராம் உள்ளது, 2 மில்லிகிராம் உள்ளது ஆகியவற்றைச் சோதிக்கும் ஜலத்தின் அருகிலேயே வைத்து ஒரே படத்தில் அடக்க வேண்டும். தராசுக்கு எடைக்கல் எப்படியோ, கைப்பேசிக்கு இவை அப்படி. குளோரினும் அலுமினியமும் கலந்த ஜலம் கணக்கைக் குழப்பும். கரைசலில் அமிலம் இருப்பதால், பெரியவர் மேற்பார்வையின்றிக் குழந்தைகள் அதைத் தொடலாகாது. அளவு வரம்பை நெருங்கினால், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு ஜலத்தை அனுப்பி உறுதி செய்வதே முறை. கைப்பேசி சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்புச் சொல்லலாகாது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் மூக்கண்டப்பள்ளியில், சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இக்கருவி இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், தெருத் தெருவாக ஆழ்துளைக் கிணறுகளை அளந்து, தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க உயர்தரப் பள்ளி மாணவர் சிலரும் ஓர் ஆசிரியரும் போதும். "எங்கள் தண்ணீர் சரியில்லை" என்னும் புகாரை அதிகாரிகள் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். "இன்ன தெருவில், இன்ன தேதியில், இவ்வளவு" என்று மூன்றாண்டுக் கணக்கை மேஜைமேல் வைத்தால் அதைத் தள்ளிவிடுவது எளிதன்று.

நம் குழந்தைகளுக்கு நிலைப்பல் முளைப்பது ஒரே ஒருமுறைதான். அதற்கு முன்பே அவர்கள் குடிக்கும் ஜலத்தை அளந்துவிடுவோம்.