அப்புத்தளை முதலிலா, கடைசியிலா?

பதுளையில் தோட்டப் பாடசாலையொன்றில் அகரவரிசை கற்பிக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்களையே கரும்பலகையில் எழுதுவேன்: பதுளை, எல்ல, லுணுகலை, பசறை, பண்டாரவளை.

உயிரெழுத்து முந்தும், ஆகவே எல்ல முதலில். பகரத்தில் மூன்று ஊர்கள். இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும். ச, ண, த என்ற வரிசைப்படி பசறை, பண்டாரவளை, பதுளை. கடைசியில் லுணுகலை. புள்ளியெழுத்து உயிர்மெய்க்கு முந்தும்: ‘பட்டம்’ முன்னே, ‘படம்’ பின்னே.

‘அப்புத்தளை’ என்றெழுதினால் பட்டியலின் தலையில் நிற்கும் ஊர், ‘ஹப்புத்தளை’ என்றால் கிரந்த எழுத்தோடு அடிக்குப் போய்விடும். ஆட்பெயர்களுக்கும் இதே கதிதான். அதனால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே பெயரை எழுதப் பழக்குகிறேன்.

பட்டியல்களில் உறவுகளின் பெயரைத் தேடி நின்றவர்களுக்கு இது சின்னப் பாடமல்ல என்பது தெரியும்.