முதல் தரும் தேவதைகள்

புதிதாக ஒரு தொழிலைத் தொடங்க முற்படுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் பணத்தைப் பற்றியதே ஆகும். தறி நடத்துவோர்க்கும் பயிர் செய்வோர்க்கும் இது புதிய செய்தியன்று. பாங்கி ஈடு கேட்கிறது. ஈடு வைக்கப் பொருளில்லாதவனுக்குக் கடன் கிட்டுவதில்லை. உற்றார் உதவுவர், ஆயினும் அவ்வுதவிக்கு ஓர் எல்லை உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, ஈடும் கேளாமல், வட்டியும் கேளாமல், தம் சொந்தப் பணத்தைப் புதிய கம்பெனியின் பங்குகளில் இடுகின்ற செல்வர்கள் சிலர் உளர். ஆங்கிலத்தில் அவர்களை 'ஏஞ்சல்', அதாவது தேவதை, என்று அழைக்கின்றனர். நம் வாசகர்களின் மக்களுள் பலர் இன்று உயர்கல்வி கற்றுப் புதுத்தொழில் காணும் ஆவலோடு விளங்குகின்றனர். ஆதலின் இத்தேவதைகள் யாவர், அவர்களை அணுகுவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பெயர் புதிது, செயல் பழையது

நியூயார்க் நகரத்துப் பிராட்வே நாடக அரங்குகளில், நாடகம் மேடையேறுவதற்குப் பணம் தந்து உதவிய செல்வர்களைத் தேவதைகள் என்று கூறும் வழக்கம் இருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் வெட்சல் 1978-இல் இளந்தொழில்களுக்கு முதலிடும் தனி மனிதர்களைப் பற்றி ஆராய்ந்தபொழுது, அப்பெயரை இவர்களுக்கும் வழங்கினார்.

செயலோ மிகப் பழையது. அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில் ஹென்றி போர்டு 1903-இல் தம் மோட்டார் கம்பெனியை நிறுவினார். அதற்கு முன் அவர் தொடங்கிய கம்பெனி ஒன்று 1901-இல் கலைக்கப்பட்டது. அடுத்ததிலிருந்து, பங்குதாரரோடு மனவேற்றுமை கொண்டு 1902-இல் அவரே விலகினார். இருமுறை தோல்வியுற்றவரை நம்பி மூன்றாம் முறை முதல் தர முன்வந்தவர்களுள் முதன்மையானவர், நிலக்கரி வியாபாரியான அலெக்சாண்டர் மால்கம்சன். அவ்வியாபாரியின் குமாஸ்தா ஜேம்ஸ் கூசன்ஸ் தாமும் பங்கு வாங்கினார்; அவருடைய சகோதரி ரொசெட்டா 100 டாலர் தந்தார். 1919-இல் போர்டு குடும்பத்தார் பிறர் கையிலிருந்த பங்குகளையெல்லாம் திரும்ப வாங்கிய காலத்தில், அந்த 100 டாலர் பங்கிற்கு ஏறக்குறைய 2,60,000 டாலர் கிடைத்தது.

தேவதையின் கணக்கு

இத்தகைய செய்திகளைப் படிப்போர், முதலிடுவோர் யாவரும் குபேரராகிவிடுகின்றனர் என்று எண்ணலாகாது. அமெரிக்கத் தேவதைக் குழுக்களின் முதலீடுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான அறிக்கை ஒன்று உண்மை நிலையைக் காட்டுகிறது. முடிவு தெரிந்த முதலீடுகளுள் 52 சதவிகிதம் இட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. பத்து மடங்கிற்கு மேல் ஈட்டியவை 7 சதவிகிதமே. ஆயினும் கிடைத்த பணத்தில் முக்காற் பங்கு அந்த 7 சதவிகிதத்திலிருந்தே வந்தது.

தேவதையை நாடுவோன் முதலில் உணர வேண்டுவது இக்கணக்கையே. பத்து இடங்களில் பணமிட்டால் ஐந்தாறு போய்விடும் என்பதை முதலிடுவோர் அறிவர். ஆகவே ஒவ்வொன்றிலும் அவர் கேட்கும் கேள்வி, 'இது ஒழுங்காக நடக்குமா?' என்பதன்று, 'இது பத்து மடங்கு, இருபது மடங்கு வளருமா?' என்பதே. ஆண்டுதோறும் அளவான இலாபம் தந்து ஒரு குடும்பத்தைக் காக்கும் நல்ல தொழில் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. அது தொழிலின் குறையன்று. அவருடைய கணக்கிற்கு அது பொருந்தாது என்பதுதான் காரணம்.

அணுகும் வழிகள்

முதலாவது, சொல்லைவிடப் பொருளையே காட்டுதல் வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆண்டி பெக்டோல்ஷைம் என்பாரைக் கண்டனர். அவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவர். அவ்விருவர் கையிலும் வெறும் திட்டத் தாள் இல்லை. பல்கலைக்கழகத்தில் பலரும் பயன்படுத்தி வந்த தேடுபொறியே இருந்தது. அவர் அதை இயக்கிப் பார்த்தார். உடனே 1,00,000 டாலருக்குச் செக் எழுதித் தந்தார். செக்கில் குறித்த 'கூகிள்' என்ற கம்பெனி அன்று பதிவாகவேயில்லை. செப்டம்பர் 4-ஆம் நாள் பதிவான பின்னரே அப்பணத்தைப் பெற முடிந்தது.

இரண்டாவது, அறிந்தவர் வாயிலாகச் செல்லுதல் வேண்டும். மேற்கூறிய சந்திப்பு தானாக நிகழ்ந்ததன்று. அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் செரிட்டன் தம் இல்லத்து முகப்பில் அதனை ஏற்பாடு செய்தார். அவர் மாணவரையும் அறிவார். முன்பு கூட்டாகத் தொழில் நடத்திய வகையில் செல்வரையும் அறிவார். பேஸ்புக் கம்பெனி 2004-இல் பீட்டர் தீலிடம் 5,00,000 டாலர் பெற்றதும், அவரோடு முன்பு பணியாற்றிய ரீட் ஹாப்மன் அறிமுகம் செய்ததனாலேயே ஆகும். முகமறியாத நூறு பேருக்கு விண்ணப்பம் விடுத்தலினும், நம் வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர் நம் நாணயத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல் வலிது. அவ்வொருவர் நம் ஆசிரியராக இருக்கலாம். பழைய முதலாளியாக இருக்கலாம். முன்னரே அச்செல்வரிடம் முதல் பெற்றுத் தொழில் நடத்துபவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது, அத்தொழிலை அறிந்தவரையே நாடுதல் வேண்டும். ஆப்பிள் கம்பெனிக்கு 1977-இல் உதவிய மைக் மார்க்குலா, இன்டெல் கம்பெனியில் விற்பனைப் பகுதியில் பணியாற்றி இளமையிலேயே ஓய்வு பெற்றவர். சுமார் 2,50,000 டாலர் அளவிற்கு அவர் உதவினார் என்பது பெரிதன்று. தொழில் திட்டத்தைத் தாமே எழுதி, விற்பனை நெறிகளை வகுத்து, அனுபவமிக்க நிர்வாகிகளையும் தேடித் தந்தார். பதிலுக்கு அவ்விளைஞர் இருவர்க்கும் சமமான பங்கைப் பெற்றார். கூகிளுக்குத் தொடக்கத்தில் முதலிட்டு அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்த ராம் ஸ்ரீராம், சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவர். அவரும் முன்னர் நெட்ஸ்கேப், அமேசான் கம்பெனிகளில் பணியாற்றி அத்தொழிலின் போக்கைக் கண்டறிந்தவரே.

நான்காவது, மறுப்பிற்கு அஞ்சலாகாது. அமேசான் கம்பெனிக்கு முதன்முதலில் 10 இலட்சம் டாலர் திரட்ட ஏறத்தாழ 60 பேரைச் சந்தித்ததாகவும், 40 பேர் மறுத்ததாகவும், ஏனையோர் ஆளுக்குச் சுமார் 50,000 டாலர் தந்ததாகவும் ஜெப் பெசாஸ் கூறியிருக்கிறார். இன்டர்நெட் என்பது யாது என்பதே அன்று பலர் கேட்ட முதற் கேள்வியாம். 1995-இல் முதலிட்ட தம் பெற்றோரிடத்தும், பணம் திரும்பாமற் போவதற்கு 70 சதவிகித வாய்ப்பு உண்டென்று அவர் மறையாமற் கூறினார். இவ்வாய்மை நம் இளைஞர் கைக்கொள்ளத்தக்கது. மறுத்தவரிடம் காரணத்தைப் பணிவோடு கேட்டுக் குறித்துக்கொள்வோன், அடுத்தவரிடம் செல்லும்போது முன்னிலும் தேர்ந்தவனாகச் செல்கிறான்.

எச்சரிக்கை

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நமக்குப் பங்கிற்கும் கடனுக்கும் உள்ள வேற்றுமை நன்கு தெரியும். கடன் தீர்ந்தால் உறவும் தீர்ந்தது. பங்கோ தீருவதில்லை, பங்கு கொண்டவர் உடைமையாளருள் ஒருவராகவே நிற்பார். நூறு பங்கும் தன்னுடையதாக உள்ள ஒருவன் முதல் முறை நூற்றுக்கு இருபது வீதம் கொடுத்தால் அவனிடம் எண்பது நிற்கும். இரண்டாம் முறையும் அவ்வண்ணமே கொடுத்தால் 64. மூன்றாம் முறை 51-க்குச் சற்று மேல். நான்காம் முறையில் அவன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவான். கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. கம்பெனியிலோ பொதுவாகப் பங்கின் அளவே வாக்கின் அளவு. ஆகவே எவ்வளவு பணம் வேண்டும், அதனைக் கொண்டு எத்தனை மாதத்தில் எதைச் சாதிப்போம் என்று முதலிலேயே கணித்து, அதற்கு வேண்டியதை மட்டும் கேட்பதே அறிவுடைமை. கையொப்பமிடுமுன் வழக்கறிஞரிடமும் ஆடிட்டரிடமும் பத்திரத்தைக் காட்டுவது இன்றியமையாதது. அறிமுகம் செய்து வைப்பதற்கென்று முன்கூட்டியே கட்டணம் கேட்போரை அணுகாது விடுக.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய செல்வர்கள் குழுவாகக் கூடியும் முதலிடுகின்றனர். இந்தியன் ஏஞ்சல் நெட்வொர்க் 2006-இலும், சென்னையில் தி சென்னை ஏஞ்சல்ஸ் 2007-இலும் தோன்றின. இவைபோன்ற குழுக்கள் விண்ணப்பங்களைப் பரிசீலித்து, தேர்ந்தெடுத்த சிலரைத் தம் அங்கத்தினர் முன்னிலையில் பேச அழைக்கின்றன. பங்கின் நியாய மதிப்பிற்கு மேற்பட்டுப் பெற்ற தொகையைக் கம்பெனியின் வருமானமாகக் கருதி விதிக்க 2012-இல் கொண்டுவரப்பட்ட வரி, 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. முதலிடுவோர்க்கும் தொழில் தொடங்குவோர்க்கும் இருந்த தடை ஒன்று இதனால் அகன்றது.

முடிவாக ஒன்று கூற விரும்புகிறோம். பத்துத் தறி போட்டு நடத்தும் தொழிலுக்கும், விளைபொருளைப் பக்குவம் செய்து உள்ளூரில் விற்கும் தொழிலுக்கும் கடனும் கூட்டுறவுமே தக்க துணை; அவற்றை விட்டுத் தேவதையைத் தேடி அலைவது வீண். பன்மடங்காகப் பெருகி நாடெங்கும் பரவத்தக்க ஒரு பொருளைக் கண்டவனோ ஈடில்லை என்று மனம் தளர வேண்டுவதில்லை. முதலில் அப்பொருளை இயங்கச் செய்க. அதனைப் பத்துப் பேர் பயன்படுத்துமாறு செய்க. அப்பத்துப் பேருள் முதலுடையோரை அறிந்தவர் யார் என்று விசாரித்தறிக. தேவதையின் வாயிலுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.