வாடகைக்கு விட வீடு வாங்குமுன்: பாலக்காடா, இடுக்கியா?

நம் சங்கக் குடும்பங்களில் பலர், பணி ஓய்வில் வந்த தொகையையோ வளைகுடாவில் பிள்ளைகள் சேர்த்த பணத்தையோ ஒரு வீட்டில் போட்டு, மாத வாடகையில் காலம் தள்ள விரும்புகிறார்கள். "பாலக்காட்டில் வாங்கலாமா, மூணாறு பக்கம் வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் நிலத் தரகன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும், புதுப் பாதை போடுமுன் ரயில்வே பார்க்கும் மூன்று காரியங்கள் இதற்கும் பொருந்தும். போக்குவரத்து சர்வே, பொறியியல் சர்வே, வரவு செலவுக் கணக்கு என்பவை அவை.

1. குடிவருபவர் யார்?

வாடகை தருவது ஊரின் அழகல்ல. அங்கே வேலை பார்க்கும் மனிதர்தான். எனவே அறிவிப்பை நம்பாமல், இன்று இயங்கும் நிறுவனத்தைப் பாருங்கள். கஞ்சிக்கோட்டில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வருமென்று 2008 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள். 2012-ல் அடிக்கல்லும் நாட்டினார்கள். தொழிற்சாலை வரவில்லை. 2024 ஆகஸ்டில் பாலக்காடு தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆலையில் சங்கு ஊதிய பிறகே அதை வாடகைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று இயங்குபவை எவை? ஒலவக்கோட்டில் ரயில்வே கோட்ட அலுவலகம். மாற்றலாகி வரும் ஊழியர்கள் எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் உடனே கிடைத்துவிடாது. யாக்கரையில் 2014-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் உண்டு, ஆனால் அதன் மாணவர்கள் விடுதியில் தங்குபவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கோயம்புத்தூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பதால், ரயிலிலும் பஸ்ஸிலும் தினம் போய் வருபவர்களும் உண்டு.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று. 2023-ல் போடிநாயக்கனூர் வரை அகலப் பாதையில் ரயில் வந்தது. மேலே மலைக்கு பஸ்தான். மூணாறில் சீசனுக்கு வருபவர் விருந்தாளி, குடித்தனக்காரர் அல்லர். விருந்தாளியை நம்பினால் அது லாட்ஜ் தொழில். தினமும் ஆள் நின்று பார்க்க வேண்டும். குமுளி, கட்டப்பனை போன்ற கடைத்தெரு ஊர்களில் ஆசிரியர், வங்கி ஊழியர் எனக் குடித்தனக்காரர் கிடைப்பார்கள். ஆனால் அங்கே ஏலக்காய் விலை இறங்கினால் ஊர் முழுவதும் கை சுருங்கும்.

2. நிலமும் காகிதமும்

தமிழில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம். கேரள வருவாய்ப் பதிவில் "நிலம்" என்றால் நெல்வயல். வீடு கட்டத் தக்கது "புரயிடம்". 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வயலை நிரப்பி வீடு கட்டுவது எளிதல்ல. கரம் கட்டிய ரசீதில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். வில்லேஜ் ஆபீஸில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இடுக்கியில் 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டயம் கொடுக்கப்பட்ட நிலங்களுக்கு, விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என்று நிபந்தனை உண்டு. அவற்றில் எழுந்த விடுதிகளால் நீண்ட வழக்குகள் நடந்தன. 2007-ல் மூணாறில் கட்டடங்கள் இடிக்கப்பட்டதை நாம் கண்டோம். 2023-ல் சட்டசபை திருத்தம் நிறைவேற்றியது. இருந்தாலும் நீங்கள் வாங்கும் மனைக்குப் பட்டய நிபந்தனை என்ன என்பதை ஒரு வக்கீலிடம் காட்டியே தீர வேண்டும். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பெயரில் ஏலத்தோட்டமோ விவசாய பூமியோ விலைக்கு வாங்க, அந்நியச் செலாவணி விதிகளில் பொது அனுமதி இல்லை. வாரிசாக வருவது வேறு.

மண்ணையும் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 உயிர்கள் போயின. சரிவுக்குக் கீழே, ஓடையை ஒட்டி உள்ள மனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பாலக்காட்டில், குறிப்பாகச் சித்தூர் வட்டத்தின் கிழக்கே, குறை தண்ணீர்தான்.

3. கணக்கு

உதாரணத்துக்கு, பத்திரச் செலவு உட்பட 40 லட்ச ரூபாய் வீடு. வாடகை மாதம் 12,000. ஆண்டுக்கு 1,44,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 12,000 போகும். கட்டட வரி, வெள்ளையடிப்பு, மராமத்து 20,000. மீதி 1,12,000, அதாவது நூற்றுக்கு 2.8. வங்கி வைப்பு வட்டியோடு இதை ஒப்பிடுங்கள். "வீட்டின் விலை ஏறுமே" என்பீர்கள். ஏறலாம், ஆனால் ஏறிய விலையை விற்கும்போதுதான் கையில் காணலாம், மாதாமாதம் மருந்து வாங்க அது உதவாது. சொந்தக்காரர் வெளிநாட்டில் வசித்தால், குடியிருப்பவர் வாடகையில் வருமான வரி பிடித்தம் செய்தாக வேண்டும். அதற்குத் தயங்கிக் குடிவராதவர்களும் உண்டு.

என் கருத்து இதுதான். மாத வருமானமே நோக்கம் என்றால், ஒலவக்கோடு, யாக்கரை, கஞ்சிக்கோடு சுற்றுவட்டத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் சிறிய வீடு போதும். இடுக்கியில் வாங்குவதானால் காட்சியை விட்டுக் கடைத்தெருவைப் பாருங்கள். கணக்கு தேறாவிட்டால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். கடைசிக் காலத்துச் சாப்பாட்டுப் பணம் அது. எந்த ஊரானாலும் முன்பணம் கொடுக்குமுன், பாலக்காட்டு மனையை ஏப்ரலில் ஒருமுறை, கிணற்றை எட்டிப் பார்த்து வாருங்கள். இடுக்கி மனையை ஜூலை மழையில் ஒருமுறை நின்று பார்த்து வாருங்கள்.