மருந்துக்கும் தவணை உண்டு

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர் ஒவ்வொருவரும் தவணை என்னும் சொல்லின் பொருளை நன்கு அறிவர். குறித்த நாளில் செலுத்தினால் சுமை குறைகிறது. தவறினால் வட்டியோடு அபராத வட்டியும் ஏறுகிறது. சில நோய்களுக்குரிய மருந்துகளுக்கும் இத்தகைய தவணை உண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் தவணை கடந்த பாக்கிகளைப் பரிசீலிக்கும் கடமை எனக்கு ஏற்பட்டது. அதுவரை ஒருமுறையேனும் தவறாத முதியவர் ஒருவரின் பெயர் அப்பட்டியலில் இருக்கக் கண்டு, அவர் இல்லம் சென்று விசாரித்தேன். தறி ஓடாமல் நின்றிருந்தது. சில மாதங்களுக்கு முன் அவருடைய நெற்றியின் வலப்புறத்தில் எரிச்சலும் வலியும் தோன்றிப் பின்னர்க் கொப்புளங்கள் எழுந்தனவாம். "அக்கிதானே ஐயா, எழுதினால் ஆறிவிடும் என்று இருந்துவிட்டோம்" என்றார் அவர் மனைவியார். காவி குழைத்து எழுதினர். ஒன்பதாம் நாள் கண் சிவந்து பார்வை மங்கிய பின்னரே மருத்துவமனைக்குச் சென்றனர். கொப்புளங்கள் ஆறின, வலக்கண்ணின் பார்வை மட்டும் தெளியவில்லை. அறுந்த இழையைக் கண்டு பிணைக்க அவரால் இப்பொழுது இயலவில்லை. "சங்கத்துப் பணம் எங்கும் போகாது ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கூறியது என் மனத்தை வருத்தியது. நோய் காரணமாகத் தவணை தவறியது என்று அறிக்கையில் எழுதினேன். அதற்கு முன்பே மற்றொரு தவணை தவறியிருந்தது.

அக்கி என்று நாம் பொதுவாகக் குறிக்கும் கொப்புள நோய்களுள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல் படர்வது முக்கியமானது. இதற்குக் காரணம் சின்னம்மையை உண்டாக்கும் வைரஸே ஆகும். அம்மை இறங்கிய பின்னரும் அவ்வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. நரம்புகளின் வேர்ப்பகுதியில் பல்லாண்டுகள் உறங்கிக்கிடந்து, முதுமையாலோ பிற நோய்களாலோ உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுகிறது. இக்கருத்தை 1965-ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அல்லர். சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பொறுமையுடன் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர்.

வைரஸ் நோய்களுக்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் பயன்படா. அக்கிக்கு உரிய அசைக்ளோவிர் என்னும் மருந்து, அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் மேற்கொண்ட ஆராய்ச்சியின் பயனாக உருவாயிற்று. முனைவர் பட்டப் படிப்பை முடிக்க வாய்ப்பின்றி ஆராய்ச்சிக்கு வந்த அவ்வம்மையார், 1988-இல் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். இம்மருந்து செயற்படும் முறை வியக்கத்தக்கது. வைரஸ் தன் பெருக்கத்திற்காக உண்டாக்கும் நொதியே இதனை முடுக்கிவிடுகிறது. முடுக்கப்பட்ட மருந்து, வைரஸின் மரபுப்பொருள் இழையில் புகுந்து, அது மேலும் நீளவொட்டாமல் தடுத்துவிடுகிறது. நோய் பற்றாத உயிரணுக்களில் அந்நொதி இல்லாமையால் அவற்றிற்குத் தீங்கு மிகக் குறைவு.

ஆனால், இம்மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்குமேயன்றி, நரம்புக்கும் கண்ணுக்கும் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தைச் சீராக்காது. ஆதலின், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள், அதாவது மூன்று நாட்களுக்குள், இதனைத் தொடங்குதல் வேண்டும். நெற்றியிலோ, கண்ணிமையிலோ, மூக்கின் நுனியிலோ கொப்புளம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது; அது கண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்தின் அறிகுறி. மூன்று நாள் கடந்துவிட்டது என்று வாளாவிருத்தலும் தவறு. அப்பொழுதும் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. மருந்தின் அளவை அவரே வரையறுக்க வேண்டும். கொப்புளங்கள் காயும் வரை, அம்மை கண்டிராத கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நோயாளியின் அருகில் விடாதிருத்தல் நலம். அக்கி எழுதும் வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அதற்காகக் காத்திருக்கும் நாட்களே நமக்கு நஷ்டம் என்பதுதான் நான் கூற விழைவது.

இதே முறை இன்புளூயென்சா சுரத்திற்கும் பொருந்தும். 1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை நோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 1957-இல் ஆசியப் புளூ எனப்பட்ட சுரம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தோர் வழியாகச் சென்னைத் துறைமுகத்தை அடைந்து நாடெங்கும் பரவிற்று. அக்காலத்தில் இதற்கென்று தனி மருந்து இல்லை. 1999 முதல் வழக்கிலுள்ள ஓசெல்டாமிவிர், உயிரணுவினுள் பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறிப் பரவாவண்ணம் தடுக்கிறது. இதனைச் சுரம் கண்ட 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பயன் மிகுதி. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு உடையோர், இதயம் அல்லது நுரையீரல் நோயுடையோர் ஆகியோர்க்கே இச்சுரம் பேராபத்து விளைவிக்கும். பஞ்சுத் தூசியால் மூச்சு நலம் குன்றிய தொழிலாளர்கள் இதனைக் குறிப்பாகக் கருத வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் நாள் கணக்குப் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வருமுன் காத்தல் இவ்விரண்டினும் சிறந்தது. இன்புளூயென்சா வைரஸ் ஆண்டுதோறும் தன் மேலுறையை மாற்றிக்கொள்வதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியில் சேர்க்கத்தக்க வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. எனவே இவ்வூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் காப்பு உண்டாக இரண்டு வாரங்கள் ஆகும். ஆதலின், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நம் பகுதிக்கு ஏற்றது.

சின்னம்மைத் தடுப்பூசியை 1974-இல் உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாக்கி தகாஹாஷி. தம் மகன் சின்னம்மையால் பட்ட துன்பமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டிற்று. அக்கிக்கு 50 வயதைக் கடந்தோர்க்கென இரு தவணைகளாகப் போடும் ஊசி வந்துள்ளது. 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. சிறந்த காப்பு அளிப்பதாயினும் அதன் விலை எளியோர்க்கு எட்டாதது. உதட்டுக் கொப்புளம் முதலியவற்றை உண்டாக்கும் சாதாரண ஹெர்ப்பீஸ் வைரஸுக்கோ இன்னும் தடுப்பூசி அமையவில்லை.

விலை உயர்ந்த ஊசியை எல்லோரும் பெற இயலாவிடினும், நாளை எண்ணத் தெரிந்திருத்தல் எல்லோர்க்கும் இயலும். சங்கங்கள் இதில் செய்யத்தக்கவை உள. அக்கிக்கு மூன்று நாள், புளூ சுரத்திற்கு இரண்டு நாள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். கூலிப் பட்டுவாடா நாளில் அங்கத்தினர்க்குப் படித்துக் காட்டலாம். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், முதிய அங்கத்தினர்களின் புளூ ஊசிக்குப் பொது நன்மை நிதியிலிருந்து உதவலாம். ஊசி போட மருத்துவரைச் சங்கக் கட்டடத்திற்கே அழைக்கலாம்.

மேற்கூறிய முதியவருக்கு நிர்வாகக் குழு கடன் தவணையை மனமுவந்து நீட்டித்தது. இழந்த கண்ணொளிக்கு நீட்டிப்பு வழங்க எந்தக் குழுவாலும் இயலாது. அடுத்த அங்கத்தினரின் நெற்றியில் கொப்புளம் எழும்போது, அவருடைய அண்டை வீட்டாரேனும் நாளை எண்ணி, அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக. ஒருவர்க்கொருவர் துணை நிற்றலே கூட்டுறவு என்று நாம் மேடைதோறும் கூறுவதற்கு அதுவே பொருளாகும்.